பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் வராத நாளில் பள்ளிப் போக்குவரத்தைப் பத்திரமாக ஏற்பாடு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

வழக்கமாகப் பிள்ளையை அழைத்துப்போகிறவர் காலையில் ஃபோன் செய்து இன்று வர முடியாது என்கிறார். அல்லது மதியத்துக்கு மேல் காப்பகத்திலிருந்து, இன்று சீக்கிரம் மூடுகிறோம் என்று செய்தி வருகிறது. உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான், வண்டி தேடுவது. யாரிடம் கார் இருக்கிறது, டாக்சி கிடைக்குமா, ஸ்கூல் பஸ்ஸில் இன்று ஒரு நாள் மட்டும் ஏற்றிக்கொள்வார்களா என்று ஃபோன் மேல் ஃபோன். வண்டி எப்படியும் கிடைத்துவிடும், சிக்கலே அதுதான். கிடைத்த நிம்மதியில் மற்ற எல்லாம் விட்டுப்போகிறது: பள்ளிக்குத் தகவல் போயிருக்காது, வருவது யார் என்று பிள்ளைக்குத் தெரியாது, இறங்கும் இடத்தில் வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.

நான் பார்த்தவரை இப்படிப்பட்ட நாட்களில் குழப்பம் வருவது பெரும்பாலும் ஓடுகிற வண்டிக்குள் அல்ல, பிள்ளை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிற அந்த இரண்டு நிமிடத்தில்தான். அதனால் இங்கே வண்டி ஐந்தாவதாகத்தான் வரும். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. நிதானமான நாளில் செய்து வைக்க வேண்டியவை

இப்போதே அவசரத்தில் இருப்பவர்கள் நேராக இரண்டாம் பகுதிக்குப் போய்விடுங்கள். அவசரம் தீர்ந்த பிறகு திரும்பி வந்து இதைச் செய்துகொள்ளலாம்.

பிள்ளையை அழைத்துப்போக யார் யாருக்கு அனுமதி என்று பள்ளி அலுவலகத்தில் ஒரு பட்டியல் இருக்கும். சேர்க்கையின்போது நிரப்பிக் கொடுத்த படிவம்தான் அது. அம்மா, அப்பா, பார்த்துக்கொள்பவர் என்று மூன்று பெயரோடு நின்றுபோயிருக்கும். குறைந்தது இன்னும் இரண்டு பேரையாவது சேருங்கள். அவசர நாளில் ஃபோனிலேயே புதுப் பெயர் சேர்க்கப் பல பள்ளிகள் ஒத்துக்கொள்வதில்லை, ஒத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் நமக்கும் நல்லது, ஏனென்றால் ஃபோனில் பேசுவது நிஜமாகவே நீங்கள்தானா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஒருவருக்கு வந்த காய்ச்சல் அடுத்த நாள் மற்றவருக்கும் வரும், பட்டியல் ஒரே வாரத்தில் காலியாகிவிடும்.

அடுத்து ஒரு தாள். பிள்ளையின் முழுப் பெயர், வகுப்பு, பிரிவு, எந்த கேட், விடும் நேரம், அலுவலகத்தின் எண், பெற்றோர் இருவர் எண், ஒவ்வாமை இருந்தால் அது, மருந்து இருந்தால் எங்கே இருக்கிறது. ஃபோனில் ஒரு படமாகவும் பிள்ளையின் பையில் தாளாகவும் இருக்கட்டும். உதவிக்கு வருகிறவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதிலேயே அடங்கிவிடும். பையின் வெளிப்பக்கத்தில் பெயரைப் பெரிதாக எழுதித் தொங்கவிடுவது மட்டும் வேண்டாம், தெரியாத ஆள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட அது வழி செய்துவிடும்.

கடைசியாக, எல்லோரும் தவிர்க்கிற வேலை: ஒத்திகை. பட்டியலில் இருப்பவரை ஏதாவது ஒரு சாதாரண நாளில் ஒரு முறை உங்களோடு பள்ளி வாசலுக்கு வரச் சொல்லுங்கள். எங்கே வண்டி நிறுத்துவது, எந்தப் பக்கம் நிற்பது, காவலாளி என்ன கேட்பார் என்பதெல்லாம் ஒரு தரம் பார்த்தால் போதும். வாயால் விளக்கி யாருக்கும் புரியவைத்ததாக நான் பார்த்ததில்லை.

2. முதல் பத்து நிமிடம்: எது அறுந்தது என்று எழுதுங்கள்

யாருக்கும் ஃபோன் செய்வதற்கு முன் ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதுங்கள். காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்கு. மாலையில் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அல்லது வேறிடத்துக்கு. அதற்குப் பிறகு நீங்கள் வரும் வரை. ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயர் வேண்டும், கொடுப்பவர் யார், வாங்குபவர் யார். பெயர் எழுத முடியாத இடம்தான் உங்கள் ஓட்டை.

அதிகம் பேர் சறுக்குவது மூன்றாவது வரியில். மாலை அழைத்துவர ஆள் கிடைத்துவிட்டது, சரி, அவர் பிள்ளையை எங்கே விடுவார்? பூட்டிய வீட்டு வாசலிலா? அவரிடம் பேசும்போது "கூட்டிட்டு வந்துடுறேன்" என்பார், நீங்கள் வரும் வரை வைத்திருப்பார் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள், விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம் என்று அவர் நினைத்திருப்பார். இருவர் மேலும் தப்பில்லை, கேட்காமல் விட்டதுதான்.

இதே பத்து நிமிடத்தில் இன்னொன்றும் யோசியுங்கள்: ஏற்பாடே இல்லாமல் சமாளிக்க முடியுமா? நீங்கள் வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போவது, மதியம் சீக்கிரம் கிளம்புவது, வீட்டிலிருந்து வேலை செய்வது, பிள்ளைக்கு அன்று விடுப்பு. முன்பின் பழகாத ஆளோடும் பொருந்தாத வண்டியோடும் சரியான நேரத்துக்கு அனுப்புவதைவிட, உங்களோடு தாமதமாகப் போய்ச் சேர்வது எவ்வளவோ மேல். வருகைப் பதிவேட்டில் ஒரு குறிப்பு விழும், அவ்வளவுதான்.

3. ஆளைத் தேடுவதற்கு முன் பள்ளியிடம் பேசுங்கள்

இது பலருக்குத் தலைகீழாகத் தெரியும். ஆள் முடிவான பிறகு பள்ளிக்குச் சொன்னால் போதாதா? போதாது. பள்ளி எதற்கு ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்தால்தான் யாரைக் கேட்பது என்றே தெரியும். அரைமணி நேரம் அலைந்து ஒருவரைச் சம்மதிக்க வைத்த பிறகு, "பதினெட்டு வயசு ஆகாதவங்க கூட அனுப்ப மாட்டோம்" என்று அலுவலகத்தில் சொன்னால் அந்த அரைமணி வீண்.

கேட்க வேண்டியவை: மாலை ஏற்பாட்டை மாற்றச் சொல்வதற்குக் கடைசி நேரம் எது, பட்டியலில் இல்லாத ஒருவர் வருவதென்றால் என்ன வேண்டும், கடிதமா, மின்னஞ்சலா, அடையாள அட்டையா, பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டா, ஒரு நாளுக்கு மட்டும் சேர்ப்பார்களா, பதிவு செய்யாத பிள்ளையை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றுவார்களா. மூன்றாவது கேள்வியைப் பாதிப் பேர் கேட்பதே இல்லை. அந்த ஏற்பாடு இருந்தால் மாலைப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

பிறகு எழுத்தில் அனுப்புங்கள். சுருக்கமாக, இப்படி:

"இரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் என் மகளை வழக்கமாக அழைத்துச் செல்பவர் இன்று வர மாட்டார். அவருக்குப் பதில் அவளுடைய அத்தை (பெயர், ஃபோன் எண்) மாலை பின்பக்க கேட்டுக்கு வருவார், அடையாள அட்டை கொண்டுவருவார். இன்றைக்கு மட்டும். வேறு யார் வந்தாலும் என்னைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம். கிடைத்ததும் ஒரு வரி பதில் அனுப்புங்கள்."

இதில் இரண்டு வரி முக்கியம். "இன்றைக்கு மட்டும்" என்று எழுதாவிட்டால் அந்தப் பெயர் பட்டியலிலேயே தங்கிவிடும். பதில் கேட்காவிட்டால், செய்தி போய்ச் சேர்ந்ததா என்ற கவலை மாலை வரை உங்களோடு இருக்கும். பதில் வரவில்லை என்றால் ஃபோன் செய்யுங்கள். வகுப்பு ஆசிரியருக்கு மட்டும் செய்தி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், பாடம் நடத்துகிறவர் மாலை வரை ஃபோனை எடுக்காமல் இருக்கலாம், அன்று விடுப்பிலேயே இருக்கலாம்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். "இன்னைக்கு யாராவது என் பையனைக் கூட்டிட்டு வர முடியுமா?" என்று கேட்பது எளிதுதான், ஆனால் பிள்ளையின் பெயர், நேரம், வீட்டில் ஆள் இல்லை என்ற தகவல் மூன்றும் ஒரே வரியில் பாதி முகம் தெரியாத ஒரு கூட்டத்துக்குப் போய்விடுகிறது. தெரிந்த நாலு பேருக்குத் தனித்தனியாக அனுப்புங்கள்.

இன்னொரு வேண்டுகோளையும் பள்ளியிடம் வைத்துவிடுங்கள்: காலையில் பிள்ளை வந்து சேராவிட்டால் முதல் மணியிலேயே என்னை அழையுங்கள். ஏன் என்பது கார் பற்றிச் சொல்லும்போது வரும்.

4. யாரைக் கேட்பது

என் வரிசை இது. முதலில், ஏற்கெனவே பட்டியலில் இருக்கிற, பிள்ளைக்கு நன்றாகப் பழக்கமான ஆள். அடுத்து, எப்படியும் அதே பள்ளிக்குப் போகிற இன்னொரு பிள்ளையின் அம்மா அல்லது அப்பா. அதற்குப் பிறகு பள்ளி நடத்துகிற பஸ் அல்லது மாலை நேரப் பராமரிப்பு. கடைசியாகத்தான் காசு கொடுத்து ஏற்பாடு செய்கிற புது ஆள், அதுவும் முதல் நாளே தனியாக அல்ல.

வகுப்புத் தோழனின் பெற்றோர் பெரும்பாலும் சரி என்பார்கள். ஆனால் "இன்னொருத்தர் உட்கார இடம் இருக்கு" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பின் சீட்டில் எத்தனை பெல்ட் இருக்கிறது, எத்தனை பேர் ஏறப்போகிறார்கள் என்று எண்ணிக் கேளுங்கள். ஒரு பெல்ட்டுக்குள் இரண்டு பிள்ளைகளைச் செருகுவது இடம் இருப்பதாக ஆகாது.

அண்ணனையோ அக்காவையோ தம்பியைக் கூட்டிவரச் சொல்லலாமா? பள்ளி ஒத்துக்கொண்டால், சாலை கடக்காத, தினமும் நடக்கிற வழி என்றால், பெரியவனுக்கு அதில் தயக்கம் இல்லையென்றால் யோசிக்கலாம். இந்த மூன்றில் ஒன்று இடித்தாலும் வேண்டாம். தம்பி நடுவழியில் உட்கார்ந்து அடம்பிடித்தால் என்ன செய்வாய் என்று பெரியவனிடம் கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும்.

கேட்கும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. மறுக்க வழி வைத்துக் கேளுங்கள். "அக்கா, இன்னைக்குச் சாயங்காலம் மட்டும் பாப்பாவையும் சேர்த்துக் கூட்டிட்டு வந்து, நான் வர்ற வரைக்கும் வீட்டுல வச்சிருக்க முடியுமா? முடியலன்னா தயங்காம சொல்லுங்க, வேற ஆளைப் பார்த்துக்கிறேன்." சங்கடத்தில் வந்த சம்மதம் விடும் நேரத்துக்குச் சற்று முன் கழன்றுகொள்ளும், அப்போது உங்களுக்கு மாற்று ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது. காலையிலேயே முடியாது என்று சொல்கிறவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

5. இப்போது வண்டி

*கார்.* இருக்கை பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி. பள்ளி போகும் வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இன்னும் காரின் பெல்ட் பொருந்தாது, அது பெரியவர்கள் உடம்புக்குச் செய்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, பிள்ளை சுமார் 4 அடி 9 அங்குலம், அதாவது 145 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை பூஸ்டர் இருக்கை, அதாவது பெல்ட் சரியாகப் படியும்படி பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை, வேண்டும் என்கிறது. பெரும்பாலும் 8 முதல் 12 வயதுக்குள்தான் அந்த உயரம் வரும். 13 வயது வரை பின் சீட்டிலேயே உட்கார வேண்டும் என்பதும் அவர்கள் பரிந்துரை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு 150 சென்டிமீட்டர், சில நாடுகள் அதை 135 ஆக வைத்திருக்கின்றன. உங்கள் ஊர்ச் சட்டம் இதைவிடத் தளர்வாக இருக்கலாம், மோதும்போது உடம்புக்குச் சட்டம் தெரியாது.

உயரம் அளக்க நேரமில்லையா, பிள்ளையை உட்காரவைத்துப் பாருங்கள். முதுகு சீட்டில் முழுசாகச் சாய வேண்டும். முழங்கால் சீட்டின் விளிம்பில் மடிந்து தொங்க வேண்டும். கீழ்ப் பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்புக்கும் தொடைக்கும் நடுவில் படிய வேண்டும். மேல் பட்டை கழுத்தை அறுக்காமல், தோளின் ஓரத்துக்கும் வழுக்கிப் போகாமல் தோளின் நடுவில் இருக்க வேண்டும். வழி முழுக்க அப்படியே உட்கார முடிய வேண்டும். ஒன்று தவறினாலும் பூஸ்டர் தேவை. பட்டை கழுத்தில் உறுத்துகிறது என்று பிள்ளை அதைக் கைக்கு அடியில் தள்ளிக்கொண்டால் அந்த மேல் பட்டை இருந்தும் பயனில்லை, கூட்டிப்போகிறவரிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளை என்றால் உங்கள் காரில் இருக்கும் இருக்கையைக் கழற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். காலை அவசரத்தில் அதை வாசலில் வைத்துவிட்டு ஓடாதீர்கள். நீங்களே அவர் காரில் பொருத்திவிட்டு, கீழ்ப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. நடு சீட்டில் இடுப்புப் பட்டை மட்டும் இருக்கிற பழைய கார்களில் அங்கே பூஸ்டரை வைக்க முடியாது, பூஸ்டருக்கு மேல் பட்டையும் கட்டாயம். தடிமனான ஜாக்கெட் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பட்டையை மாட்டுங்கள், இல்லாவிட்டால் இறுக்கமாகத் தெரியும், உள்ளே தளர்வாக இருக்கும். பின் கதவில் சைல்ட் லாக் (உள்ளேயிருந்து கதவைத் திறக்க முடியாமல் செய்யும் பூட்டு) போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை இல்லாத வீட்டுக் காரில் அது இருப்பதையே மறந்திருப்பார்கள்.

இப்போது நான் மேலே ஒத்திவைத்த விஷயம். வழக்கமாகப் பிள்ளையைக் கூட்டிப்போகாத ஒருவர், தன் அலுவலகம் போகிற வழியில் பள்ளியில் இறக்கிவிடுவதாகச் சொல்லிக் கிளம்புகிறார். பின் சீட்டில் பிள்ளை தூங்கிவிடுகிறது. அவர் கை தினமும் திருப்புகிற பக்கமே வண்டியைத் திருப்பிவிடுகிறது. பிள்ளைகள் காரில் மறக்கப்பட்ட சம்பவங்களில் திரும்பத் திரும்ப வருவது இந்த மாதிரி வழக்கம் மாறிய நாள்தான், அக்கறை இல்லாதவர்கள் செய்கிற காரியம் அல்ல அது. மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், கண்ணாடியை லேசாக இறக்கி வைப்பது பெரிதாக உதவாது. அதனால் ஓட்டுகிறவர் தன் பையையோ அடையாள அட்டையையோ பின் சீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்கட்டும், பள்ளியும் முதல் மணியிலேயே உங்களை அழைக்கட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

*டாக்சி.* தனியாக அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து மட்டுமல்ல. செயலி வழியாக வரும் டாக்சிகளில் பெரும்பாலானவை 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களைத் தனியாக ஏற்ற அனுமதிப்பதில்லை. ஊபர் 2023இல் பதின்வயதினருக்கு என்று தனிக் கணக்கு கொண்டுவந்தது, அதுவும் 13 முதல் 17 வயது வரைக்கும்தான், அதுவும் அந்த வசதி இருக்கிற ஊர்களில்தான். உங்கள் கணக்கில் பதிவு செய்து ஏழு வயதுப் பிள்ளையை மட்டும் ஏற்றிவிடுவதை ஒரு தீர்வாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடப் பெரியவர் ஒருவர் போகிறார் என்றால் டாக்சி சரி, பூஸ்டரைக் கையோடு எடுத்துப்போக வேண்டும்.

*ஸ்கூல் பஸ்.* பயணம் பாதுகாப்பானதுதான், ஆபத்து பஸ்ஸைச் சுற்றியுள்ள சுமார் 3 மீட்டரில். அங்கே நிற்கிற சின்னப் பிள்ளை ஓட்டுநர் கண்ணில் படாமல் போகலாம். முதல் தடவை ஏறுகிற பிள்ளைக்கு இரண்டே விஷயம் சொல்லிக்கொடுங்கள். எதையாவது கீழே போட்டுவிட்டால் குனிந்து எடுக்காதே, ஓட்டுநரிடம் சொல். இறங்கியதும் பஸ்ஸுக்குப் பின்னால் போகாதே. எந்த நிறுத்தத்தில் இறக்க வேண்டும், யார் நிற்பார்கள், யாரும் இல்லாவிட்டால் இறக்காமல் பள்ளிக்கே திரும்பக் கொண்டுபோவார்களா என்று பஸ் உதவியாளரிடம் நீங்கள் நேரில் கேட்க வேண்டும். மாலையில் ஏறும்போது இந்தப் பிள்ளை அவர்கள் கணக்கிலேயே இருக்காது.

*இரு சக்கர வண்டி.* வேறு வழி இருந்தால் அதையே பாருங்கள். வேறு வழியில்லை என்றால், ஓட்டுநருக்குப் பின்னால் ஒரே ஒரு பிள்ளை, கால் மிதியில் எட்ட வேண்டும், பிடித்துக்கொண்டு உட்காரத் தெரிய வேண்டும், தலையில் அதன் அளவுக்கான ஹெல்மெட். மோட்டார் சைக்கிள் விபத்துகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த கோக்ரேன் மதிப்பாய்வு, ஹெல்மெட் தலைக்காய வாய்ப்பை 69 சதவீதமும் இறப்பு வாய்ப்பை 42 சதவீதமும் குறைப்பதாகச் சொல்கிறது. அப்பாவின் ஹெல்மெட்டைப் பிள்ளை தலையில் கவிழ்த்தால் அந்தப் பயன் கிடைக்காது. பட்டையை மாட்டித் தலையை ஆட்டச் சொல்லுங்கள், ஹெல்மெட் தனியாகச் சுழன்றால் அளவு தப்பு. பையை ஓட்டுபவர் முன்னால் வைத்துக்கொள்ளட்டும்; பிள்ளை முதுகில் மாட்டியிருந்தால் அது பின்னால் இழுக்கும்.

*நடை.* அருகில் என்றால் இதுதான் எனக்குப் பிடித்தது, பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். தனியாக அனுப்புவது பற்றி ஒன்று சொல்கிறேன். அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளை மெய்நிகர் சாலையைக் கடக்க வைத்துப் பார்த்து 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நகரும் வண்டிகளுக்கு நடுவே இடைவெளியைக் கணித்துத் தவறில்லாமல் கடக்கப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14 வயது ஆக வேண்டியிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை இரண்டு பக்கமும் பார்க்கும்தான், ஆனால் வருகிற வண்டியின் வேகத்துக்குள் தன்னால் தாண்ட முடியுமா என்ற கணக்கு அதற்கு இன்னும் சரியாக வராது.

6. கைமாற்றம்

இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். "ஸ்கூல் வாசல்ல" என்றால் எந்த வாசல்? "பின்பக்க கேட், காவலாளி அறைக்கு இடது பக்கம், கேட்டுக்கு உள்ளே." விடும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து நிற்கச் சொல்லுங்கள். பழக்கமில்லாத ஆளுக்கு வண்டி நிறுத்த இடம் தேடவே அந்த நேரம் போய்விடும், பிள்ளை வெளியே வரும்போது தெரிந்த முகம் முன்னால் நிற்க வேண்டும்.

காரிலேயே உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடித்துப் பிள்ளையை வரச் சொல்லக் கூடாது. இறங்கிப் போய், ஆசிரியரோ காவலாளியோ பார்க்க, கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். காலையிலும் அப்படித்தான், கேட்டில் விட்டுவிட்டுக் கிளம்பாமல் உள்ளே போவதைப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும்.

ரகசியச் சொல் வைப்பது நல்ல வழக்கம், ஆனால் பலர் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வந்தவர் பிள்ளையைப் பார்த்து "ரகசியச் சொல் என்ன, சொல்லு பார்ப்போம்" என்கிறார், பிள்ளை ஆசையாகச் சொல்லிவிடுகிறது. சொல்ல வேண்டியது பெரியவர், கேட்க வேண்டியது பிள்ளை. வீட்டிலேயே நாடகம் போல் நாலு தரம் நடித்துப் பாருங்கள். நீங்கள் தெரியாத மாமாவாக நின்று, "அம்மா அனுப்பினாங்க கண்ணு, சொல்லு, என்ன வார்த்தை?" என்று கொஞ்சிக் கேளுங்கள். பிள்ளை உளறாமல் நின்றால் பாடம் படிந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த நாய்க்குட்டிப் பெயரைச் சொல்லாக வைக்காதீர்கள், ஒரு தரம் வெளியாளிடம் சொன்ன பிறகு அதை மாற்றிவிடுங்கள்.

7. பிள்ளையிடம் என்ன சொல்வது

காலையிலேயே, கிளம்பும் முன், முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். "இன்னைக்கு அக்கா வர மாட்டாங்க, அவங்களுக்கு உடம்பு சரியில்லை. சாயங்காலம் கவினோட அம்மா வருவாங்க. பின்பக்க கேட்ல நிப்பாங்க. அவங்க வீட்டுக்குப் போய் விளையாடிட்டு இரு, நான் இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன்." அப்புறம் அதையே பிள்ளை வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

"ஆன்ட்டி வருவாங்க", "மாமா வருவார்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். பிள்ளைக்கு எல்லோரும் ஆன்ட்டி, எல்லோரும் மாமா. பெயரும் முகமும் தெரிய வேண்டும், முடிந்தால் ஃபோனில் படத்தைக் காட்டுங்கள்.

சொன்ன ஆள் வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு ஒரே விதி: கேட்டைத் தாண்டாதே, ஆசிரியரிடம் திரும்பிப் போ. இதற்கு மேல் விதிகள் வேண்டாம், பயந்திருக்கும் பிள்ளைக்கு ஒன்றுதான் நினைவில் நிற்கும். வீட்டுத் தொலைபேசி எண்ணை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது.

ஏற்பாடு பகலில் மாறினால் பள்ளி அலுவலகம் வழியாகப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் பாவம், காலையில் நீங்கள் சொன்னதையே பிடித்துக்கொண்டு, அழைக்க வந்த சரியான ஆளோடு வர மாட்டேன் என்று நிற்கும், அப்படி நிற்பதுதான் சரியும்கூட.

8. வழியில்: மூன்று செய்தி போதும்

அழைத்துப்போகிறவரிடம் மூன்று செய்தி மட்டும் கேளுங்கள்: "வந்துட்டேன்", "ஏத்திட்டேன்", "சேர்ந்துட்டோம்". முதல் செய்தி விடும் நேரத்துக்கு முன் வர வேண்டும், அதற்கு ஃபோனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் உடனே அழைக்கலாம், இன்னும் அவர் வண்டியை எடுக்கவில்லை.

இரண்டாவது செய்திக்கும் மூன்றாவதுக்கும் நடுவே அழைக்காதீர்கள். பதற்றம் புரிகிறது, ஆனால் பிள்ளை ஏறியிருக்கும் வண்டியை ஓட்டுபவரை ஃபோனில் பேச வைப்பது நீங்களாக இருக்கக் கூடாது. ஃபோனில் இருப்பிடத்தைப் பகிரச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். அது நிற்பதும் நகர்வதும் சிக்னலைப் பொறுத்தது, இரண்டு நிமிடம் அசையவில்லை என்றால் பயப்பட வேண்டாம்.

9. திட்டம் கையை மீறும்போது

ஆள் தாமதம் என்றால் முதல் அழைப்பு பள்ளிக்கு, ஆளுக்கு அல்ல. பிள்ளை உள்ளே இருக்கிற வரை பத்திரம், "உள்ளேயே வச்சிருங்க, இன்னும் அரைமணி ஆகும்" என்ற ஒரு வரி மற்ற எல்லாவற்றுக்கும் நேரம் வாங்கித் தரும். அதற்குப் பிறகு வரவேண்டியவரை அழையுங்கள், எடுக்கவில்லை என்றால் பட்டியலில் இரண்டாவது ஆளை. யாராவது எடுப்பார்கள் என்று ஒரே நேரத்தில் மூன்று பேரைக் கிளப்பிவிடாதீர்கள், மூவரும் போய் நின்றால் யார் கூட்டிப்போனார் என்பதே குழப்பமாகிவிடும்.

ஆள் போய் நிற்கிறார், பிள்ளை அங்கே இல்லை என்றால், அவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. பள்ளி உள்ளே தேடட்டும்: வகுப்பறை, கழிப்பறை, விளையாட்டுத் திடல், பஸ் வரிசை. பழக்க தோஷத்தில் பிள்ளை வழக்கமான பஸ்ஸிலோ வழக்கமான இடத்திலோ இருக்க வாய்ப்பு அதிகம், அங்கே முதலில் கேளுங்கள். உள்ளேயும் இல்லை, பஸ்ஸிலும் இல்லை என்று தெரிந்தால் தாமதிக்காமல் காவல்துறையை அழைத்துவிடுங்கள். பிறகு பிள்ளை கிடைத்துவிட்டால் யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை.

10. ஒரு நாளோடு முடியாவிட்டால்

இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீளும் என்று தெரிந்ததும் தினமும் காலையில் புதிதாகக் கெஞ்சுவதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு மொத்தமாக எழுதுங்கள். எந்த நாள் யார், எந்த வண்டி, பூஸ்டர் யாரிடம். ஒரே ஆளிடம் ஐந்து நாளும் கேட்பதைவிட இரண்டு பேரிடம் பிரித்துக் கேட்பது நல்லது, ஆனால் நாளுக்கு ஒருவர் என்று ஐந்து பேர் வேண்டாம், பிள்ளைக்கும் பள்ளிக்கும் தலை சுற்றும். எரிபொருள் செலவை நீங்களே பேசிவிடுங்கள், அவர்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். பதிலுக்கு வேறொரு நாளில் அவர்கள் பிள்ளையை நீங்கள் கூட்டிவருவது இன்னும் எளிது.

புது ஆளைச் சம்பளத்துக்கு வைக்கிறீர்கள் என்றால், முதல் சில நாள் அவர் உங்களோடு வர வேண்டும், அடுத்து அவர் கூட்டிப்போக நீங்கள் பின்னால் வர வேண்டும், அதற்குப் பிறகே தனியாக. ஓட்டுநர் உரிமம், வண்டியின் காப்பீடு, அடையாள அட்டை மூன்றையும் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பு வேலை செய்த வீட்டில் பேசுங்கள். நல்ல ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பிள்ளையிடம் தினமும் ஒரு கேள்வி கேளுங்கள், "பெல்ட் யார் போட்டுவிட்டாங்க?" "பயணம் எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் பதில் வரும். இதைக் கேட்டால், "இன்னைக்குப் போடல, முன்னாடி உட்கார்ந்தேன்" என்பது தானாக வெளியே வரும்.

வழக்கமான ஆள் திரும்பி வந்ததும், தற்காலிகமாகச் சேர்த்த பெயர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லிப் பள்ளிக்கு எழுதுங்கள், ரகசியச் சொல்லை மாற்றுங்கள், அடுத்தவர் காரில் இருக்கும் பூஸ்டரை மறக்காமல் வாங்கி வந்துவிடுங்கள்.